மோகன்ராஜ் பேரைச் சொன்னால் போதும்

தாம்பரத்தில் கார் ஓட்டக் கற்றவர்களில் சிலருக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. டீக்கடையைக் கண்டால் அவர்களுடைய வண்டியின் வேகம் தானாகக் குறையும். போண்டா வாசனை வந்தால் இடது பக்க இண்டிகேட்டர் எரியும். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்கவே வேண்டாம். அவர்கள் எல்லாரும் 'கனகா டிரைவிங் ஸ்கூல்' மோகன்ராஜின் மாணவர்கள்.

மோகன்ராஜின் பாடத்திட்டம் வயிற்றை வைத்து வகுத்தது. கேம்ப் ரோடு போண்டாக் கடை வாசலில் பார்க்கிங். பெருங்களத்தூர் மேம்பாலத்து ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச், இறங்கியதும் காபி. நெடுஞ்சாலைப் பயிற்சி என்றால் ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் வரை. அங்கே மிருகக்காட்சி சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு தள்ளுவண்டியில் மிளகு தூக்கலாகப் பொங்கல் கிடைக்கும். உள்ளே விலங்குகளுக்குச் சாப்பாடு வைப்பதற்கு முன்பே வெளியே மோகன்ராஜுக்கு வைத்துவிடுவார்கள். கொஞ்சம் தேறிய மாணவர்களுக்குக் குன்றத்தூர். முருகனைப் பார்க்கப் படி ஏறுவது மாணவரின் விருப்பம். அடிவாரத்து இட்லிக் கடைக்குள் ஏறுவது மோகன்ராஜின் கடமை.

இத்தனை வருடத்தில் பயிற்சி கூடக்கூட அவருடைய இருக்கையும் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. வயிறு டாஷ்போர்டைத் தொடாமல் இருக்க வேண்டுமே. இனி பின்னால் தள்ள இடமில்லை என்ற நிலையில், அடுத்து வாங்கப்போகும் வண்டியைக் கொஞ்சம் பெரிதாக வாங்கவேண்டும் என்று முடிவு செய்தார். சாப்பாட்டைக் குறைக்கலாம் என்ற இன்னொரு வழி இருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்த வழியிலெல்லாம் போகவேண்டும் என்று போக்குவரத்து விதி எதுவும் இல்லை.

இதில் யாருக்கும் வருத்தம் இல்லை. வருத்தம் எல்லாம் அவர் சொல்லும் ஒரு வாக்கியத்தில்தான்.

"நம்ம கடைதான். என் பேரைச் சொல்லு, போதும். கவனிச்சிப்பாங்க."

முடிச்சூர் ரோடு மெஸ், சேலையூர் தோசைக் கடை, ஸ்டேஷன் பக்கத்து பரோட்டாக் கடை, எல்லாம் நம்ம கடை. மாணவர்களும் நம்பிப் போவார்கள். மறுநாள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே முறையிடுவார்கள்.

"சார், உங்க பேரச் சொன்னேன். யாருன்னு கேட்டாங்க."

"நீ கல்லாவுல கேட்டிருப்ப. உள்ள கேட்டிருக்கணும். கிளட்ச மிதி."

உண்மை மோகன்ராஜுக்கு மட்டும் தெரியும். தாம்பரத்தில் எந்த ஓட்டலிலும் அவர் தன் பெயரைச் சொன்னதே இல்லை. சாப்பிடப் போகிறவன் பெயரைச் சொல்லிக்கொண்டா போவான்? வண்டியின் தலையிலும் பெரிய எழுத்தில் இருந்தது மனைவியின் பெயர்தான். ஆகவே, கடைக்காரர்கள் கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி வாசலில் வந்து நின்றதும் உள்ளே குரல் போகும்: "எல் போர்டு வந்துகினு கீது, ஒரு பொங்கல் எடுத்து வை!" அவர் எல்லாரையும் தெரிந்து வைத்திருந்தார். எல்லாருக்கும் அவரைத் தெரியவும் தெரியும். பெயரைச் சொல்லி விசாரித்தால்தான் அப்படி ஓர் ஆளே இல்லை.

இந்தப் பிரச்சினை ஒரு நாளும் அவர் தூக்கத்தைக் கெடுத்ததில்லை, மகள் தேவதர்ஷினியின் கல்யாணப் பேச்சு வரும்வரை.

தேவதர்ஷினி குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். அதே மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் ஆபேலை அவளுக்குப் பிடித்துவிட்டது. மோகன்ராஜின் மனைவி கனகவல்லி முதல் நாள் அழுதாள், இரண்டாம் நாள் பையனின் போட்டோவைக் கேட்டாள், அதற்கப்புறம் பையன் ஏன் இவ்வளவு ஒல்லி என்று கவலைப்பட ஆரம்பித்தாள். இந்தப் பக்கம் பாதை தெளிவு. அந்தப் பக்கம்தான் சிக்னல் விழவில்லை. ஆபேலின் அப்பா அசரியா, தாம்பரத்தில் மின்சார ரயில் பராமரிக்கும் ஷெட்டில் மூத்த டெக்னீஷியன். அதிகம் பேசாதவர். "பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல. குடும்பத்தப் பார்க்கணும். பார்த்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

எங்கே பார்ப்பது? இவர்கள் வீட்டில் என்றால் பெண் பார்க்கும் சடங்காகிவிடும். அவர்கள் வீட்டில் என்றால் கனகவல்லியின் அண்ணன்மார்களுக்கு ஒரு பேச்சு கிடைக்கும். கோயில், சர்ச் இரண்டும் பேச்சிலேயே வரவில்லை. பொதுவான இடம் ஒன்று வேண்டும். அப்போதுதான் மோகன்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் குடும்பத்தில் அவருடைய நிபுணத்துவம் தேவைப்பட்ட முதல் தருணம் அது.

"ஜெயஸ்ரீ மெஸ். முடிச்சூர் ரோடு. சனிக்கிழமை மத்தியானம்."

"சனிக்கிழமையா? புரட்டாசிங்க" என்றாள் கனகவல்லி.

"அதனாலதாம்மா சொல்றேன். சுத்த சைவம். உனக்கும் பிரச்சினை இல்ல. ஞாயித்துக்கிழமை அவங்க சர்ச்சுக்குப் போவாங்க. மத்த நாள்ல பையனுக்கு டியூட்டி."

"டேபிள் எடுத்து வைப்பாங்களாப்பா?" என்று கேட்டாள் தேவதர்ஷினி. "ஒரு போன் பண்ணிடுங்களேன்."

"போனா? நம்ம கடைம்மா. முதல்ல வர்றவங்க என் பேரைச் சொன்னா போதும்."

மகள் அவரையே பார்த்தாள். "அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவங்க முன்னாடி இந்த பேரைச் சொல்லு கதை மட்டும் வேணாம். ஆபேல் அப்பாவுக்கு பந்தா பண்றவங்களைக் கண்டாலே ஆகாது. அவர் வேணாம்னு சொல்லிட்டா ஆபேல் மீற மாட்டான். நானும் மீறச் சொல்ல மாட்டேன்."

"சேச்சே" என்றார் மோகன்ராஜ். அதே மாலை அசரியாவுக்கு போன் செய்து விவரம் சொன்னபோது, வாக்கியத்தின் கடைசியில் அவர் அனுமதி கேட்காமலேயே அது வந்து விழுந்துவிட்டது. "என் பேரைச் சொல்லுங்க சார், போதும்."

அந்தச் சனிக்கிழமை முடிச்சூர் ரோட்டில் திரும்பியதுமே மோகன்ராஜ் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

ஜெயஸ்ரீ மெஸ்ஸுக்கு அவர் வழக்கமாகப் போவது வார நாட்களில், காலை டிபன் கூட்டம் கலைந்து மத்தியானச் சாப்பாடு தொடங்காத இடைவேளையில். அப்போது அங்கே நாற்காலிகள் அவருக்காகக் காத்திருக்கும். சனிக்கிழமை மத்தியானம் அவர் வந்ததே இல்லை. அதுவும் புரட்டாசியில். மற்ற மாதங்களில் மட்டன், மீன், கோழி என்று பிரிந்து சாப்பிடும் மேற்குத் தாம்பரம் முழுக்க இன்று ஒரே நேரத்தில் சாம்பாருக்குத் திரும்பியிருந்தது. வாசல் படி, பக்கத்து மெடிக்கல் ஷாப் வாசல், நிறுத்தியிருந்த பைக்குகளின் மேல், எல்லா இடத்திலும் பசியோடு ஜனம். எதிர்ப்பக்கம் பிரியாணிக் கடையில் மாஸ்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாம்பரத்தின் அத்தனை ஓட்டல்களும் அத்துப்படி என்று சொல்லித் திரிகிற ஆளுக்கு இது தோன்றவில்லையே என்று மோகன்ராஜ் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். கனகவல்லியும் அதையேதான் கேட்டாள், சத்தமாக.

அசரியாவின் குடும்பம் முன்பே வந்து வெயிலில் நின்றிருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அசரியா, பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி ஜான்சி, கொஞ்சம் தள்ளி நகத்தைக் கடித்துக்கொண்டு ஆபேல். அசரியாவின் பார்வை எதிர்ப்பக்கத்துப் பிரியாணிக் கடையில் இருந்தது. அதில் ஓர் ஏக்கம் இருந்ததாக மோகன்ராஜுக்குப் பட்டது.

"வணக்கம் சார். உள்ள உக்காந்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

"உங்க பேரச் சொன்னேன் சார்" என்றார் அசரியா. குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "கல்லாவுல ஒரு அம்மா இருந்தாங்க. அப்படி யாரையும் தெரியாதுன்னுட்டாங்க."

கல்லாவில் இல்லை, உள்ளே கேட்டிருக்க வேண்டும் என்ற பதில் மோகன்ராஜின் நாக்கு நுனிவரை வந்தது. மகளின் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போனது.

"இருங்க சார், நான் பார்க்கறேன்" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு படி ஏறினார். கல்லாவில் இருந்த ஜெயஸ்ரீ அம்மா நிமிரவே இல்லை. உள்ளிருந்து சாம்பார் வாளியோடு வந்த சர்வர் குப்பன்தான் பார்த்தான். பார்த்தவன் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"அட, எல் போர்டா! இன்னாபா, இன்னிக்கி போயி வந்துகிற? பேஜாரா கீது பாரு. டோக்கன் வாங்கிகினு எவன் எழுந்துக்கிறானோ அவன் பின்னாடி நில்லு, போ."

பின்னால் ஜான்சி சிரித்ததும், சிரிப்பை உடனே இருமலாக மாற்றிக்கொண்டதும் அவருக்குக் கேட்டது. அசரியா சிரிக்கவில்லை. "எல் போர்டா?" என்று ஆபேலிடம் கேட்டார். ஆபேல் தரையைப் பார்த்தான்.

சென்னைப் புறநகரில் கூட்டமான மெஸ்ஸில் சாப்பிடுவதற்கு ஒரே ஒரு முறைதான் உண்டு. சாப்பிட்டுக்கொண்டிருப்பவனின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். அவன் முதுகை உங்கள் மூச்சு தொட வேண்டும். அவன் இலையை மடித்ததும், எழுந்து முழுதாக நிமிர்வதற்குள் நீங்கள் உட்கார்ந்துவிட வேண்டும். இதில் வெட்கப்படுபவர்கள் வீட்டுக்குப் போய்ச் சமைத்துக்கொள்ளலாம். ஆறு பேர் ஒன்றாக உட்காருவது நடக்காத காரியம்.

வேறு வழியில்லாமல் மோகன்ராஜ் தனக்குத் தெரிந்த ஒரே தொழிலில் இறங்கினார். எல்லாரையும் ஓரமாக நிறுத்திப் பாடம் எடுத்தார்.

"ஆளைப் பார்க்காதீங்க, இலையைப் பாருங்க. சாம்பார்ல இருக்கறவன் பக்கம் போகாதீங்க. மோர் ஊத்தினவன் பின்னாடி நில்லுங்க. செல்போன வச்சிக்கினு சாப்புடறவன் எழுந்துக்கவே மாட்டான். ஜான்சி மேடம், அதோ அந்த அக்கா, ஊறுகாய வழிச்சிட்டாங்க. போங்க, போங்க!"

ஜான்சி போனார். நின்றார். அந்த அக்கா எழுந்தார். ஜான்சி உட்கார்ந்து, ஜெயித்தவர்போல் இங்கே பார்த்துக் கையை ஆட்டினார். அடுத்து அவருக்கு எதிர் இருக்கையில் கனகவல்லி. அவளுக்குப் பக்கத்தில் ஆபேல். தேவதர்ஷினிக்கு அடுத்த வரிசையின் சுவரோரம் இடம் கிடைத்தது. அவளுக்கு வலது கைப்பக்கம் அசரியா. ஜோடிகள் எல்லாம் கலைந்துபோய், யார் யாரோடு பேசினால் மோகன்ராஜ் பயப்படுவாரோ அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

தனக்கு அவர் தேர்ந்தெடுத்தது நீலச்சட்டைக்காரர் ஒருவரை. இலையில் மோர் சாதம், கடைசிக் கவளம். கணக்கு சரியாக இருந்தது. நீலச்சட்டை அந்தக் கவளத்தை விழுங்கினார், கையை உதறினார், "தம்பி, இன்னும் கொஞ்சம் சாதம். வத்தக்கொழம்பு" என்றார்.

மோகன்ராஜின் வலது கால் தன்னையறியாமல் தரையை அழுத்தியது. இல்லாத பிரேக்.

அங்கே நின்றபடி அவரால் பார்க்க மட்டுமே முடிந்தது. விருந்துக்கு அழைத்தவர் நின்றுகொண்டிருந்தார்; விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கனகவல்லி ஜான்சியிடம் ஏதோ நீளமாகச் சொல்ல, ஜான்சி தன் அப்பளத்தை எடுத்து அவள் இலையில் வைத்தார். கனகவல்லி உடனே தன் வடையை ஆபேலின் இலையில் போட்டாள். ஒல்லிப் பிரச்சினைக்கு அவள் தீர்வு காண ஆரம்பித்துவிட்டாள். அந்த வரிசை சரி.

சுவரோர வரிசைதான் தெரியவில்லை. அசரியா ஏதோ கேட்கிறார். தேவதர்ஷினி தலையைக் குனிந்துகொண்டு பதில் சொல்கிறாள். மறுபடி கேட்கிறார். அவள் இவர் நின்ற திசையைப் பார்க்கிறாள். போச்சு. என்னைப் பற்றித்தான். பெண்ணின் கல்யாணம் ஒரு நாற்காலியில் மாட்டிக்கொண்டதே, ஒரு போன் செய்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும் என்று நினைத்தார். நம்பர் இல்லையே என்பது முதல் காரணம். யார் பேசறீங்க என்று கேட்டால் எல் போர்டு என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும் என்பது அடுத்தது.

நீலச்சட்டை ரசத்துக்குக் கை காட்டினார். மோகன்ராஜ் அவரைக் கைவிட்டார். கூட்டத்துக்குள் ஒதுங்கி ஒதுங்கி, மன்னிப்பு கேட்டுக்கொண்டே, சுவரோர வரிசைக்குப் போய் மகளின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு தூண் மறைவில் நின்றார். ஒட்டுக் கேட்பது தவறுதான். ஆனால் அந்த மெஸ்ஸில் அன்று எங்கே நின்றாலும் யாராவது பேசுவது காதில் விழத்தான் செய்யும்.

"இல்ல அங்கிள்" என்று தேவதர்ஷினி சொல்லிக்கொண்டிருந்தாள். "அப்பா எல்லாக் கடையப் பத்தியும் அப்படித்தான் சொல்வாரு. காலேஜ் படிக்கறப்ப நானே ஃப்ரெண்ட்ஸ கூட்டிட்டுப் போய் அவர் பேரச் சொல்லி அசிங்கப்பட்டிருக்கேன்."

"அவருகிட்ட சொல்லலயாம்மா?"

"சொல்லல. எந்தக் கடையில என்ன நல்லாருக்கும்னு சொன்னாருன்னா அது கரெக்டா இருக்கும் அங்கிள். பேரு மட்டுந்தான் பொய்."

தூணுக்குப் பின்னால் மோகன்ராஜ் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். கண்ணில் படாமல் இருப்பதற்காகவா, அவமானத்தாலா என்று அவருக்கே தெரியவில்லை.

அசரியா ரசத்தைக் கையில் வாங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. ஐயோ, புரை ஏறிவிட்டது என்று மோகன்ராஜ் ஓர் அடி முன்னால் வந்தார். புரை இல்லை. மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க சர்ச்சுல எல்லாருக்கும் நான் என்ன சொல்லி வச்சிருக்கேன் தெரியுமாம்மா? ரயில்வேல எனக்கு எல்லாரையும் தெரியும், டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்டுல இருந்தா என்கிட்ட சொல்லுங்கன்னு. கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போறவங்க பூரா என்னை நம்பி இருப்பாங்க. இந்த நாள் வரைக்கும் ஒரு டிக்கெட் கன்ஃபார்ம் ஆனதில்ல. போன தடவை எங்க பாஸ்டரே கக்கூஸ் பக்கத்துல நின்னுகிட்டுப் போனாரு."

தேவதர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பறம் ஏன் அங்கிள் சொல்றீங்க?"

"வருதும்மா. வாயில வந்துடுது" என்றார் அசரியா.

அதிகம் பேசாதவர் இவ்வளவு பேசியதைக் கேட்டு மோகன்ராஜுக்குத் தலை சுற்றியது. பசியும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த நேரம் பார்த்து மகள் திரும்பினாள், தூணுக்கு இரண்டு பக்கமும் பிதுங்கித் தெரிந்த அப்பாவைக் கண்டாள்.

"அப்பா, நான் முடிச்சிட்டேன். வாங்க, உக்காருங்க."

அவள் இலையை மடித்து எழுவதற்குள், எங்கிருந்தோ ஒரு மீசைக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துவிட்டார். மோகன்ராஜின் பாடத்தை அவரைவிட நன்றாகப் படித்த ஆள். ஆனால் அசரியா எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி, இடது கையால் பையிலிருந்து கைக்குட்டையை உருவி இருக்கையின் மேல் போட்டார்.

"ஆள் இருக்கு."

"சார், நான்தான் இங்க நிக்கறேன் ரொம்ப நேரமா."

"அவரு உங்களுக்கு முன்னாடிலேருந்து நிக்கறாரு. ஊரையே உக்கார வச்சிட்டு நிக்கறாரு. விடுங்க."

மோகன்ராஜ் கைக்குட்டையை எடுத்து மடித்துத் திரும்பக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். ஓட்டலில் உட்கார்ந்துகொண்டு அவருக்குப் பேச்சு வராமல் போனது அதுதான் முதல் முறை. குப்பன் வந்தான். கூட்டு தீர்ந்துபோயிருந்தது. வடை தீர்ந்துபோயிருந்தது. சாதம், ரசம், அடியில் தங்கிய சாம்பார் கொஞ்சம். "இவ்ளோதான்பா கீது. துன்னு" என்று போட்டுவிட்டுப் போனான். மோகன்ராஜ் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.

பக்கத்தில் அசரியாவின் இலை எப்போதோ காலியாகியிருந்தது. மோரும் குடித்தாயிற்று. எழவேண்டியவர் எழவில்லை. அப்படி ஒரு கூட்டத்தில், அப்படி ஒரு கடையில், சாப்பிட்டு முடித்தவன் சும்மா உட்கார்ந்திருப்பது மன்னிக்க முடியாத குற்றம். அசரியா குப்பனைக் கூப்பிட்டு இன்னொரு மோர் கேட்டார். அதையும் மெல்லக் குடித்தார். விரலால் இலையில் இல்லாத ஊறுகாயைத் தேடினார். அவர் முதுகுக்குப் பின்னால் ஏற்கெனவே இரண்டு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவர் மீசைக்காரர்தான். அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"சார், முடிச்சிட்டீங்கல்ல? எழுந்துக்கறது?"

அசரியா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எப்படிங்க எழுந்துக்கறது? எங்க சம்பந்தி இன்னும் சாப்பிட்டுகினு இருக்காரில்ல?"

கை கழுவிவிட்டுச் சுவரோரமாகத் திரும்பி வந்துகொண்டிருந்த தேவதர்ஷினி அப்படியே நின்றுவிட்டாள். ஆபேல் எதிர் வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

மோகன்ராஜ் நிமிரவில்லை. சாம்பார் காரமாக இருந்தது, அதனால்தான் கண் கலங்கியது என்று சொல்லிக்கொள்ள நினைத்தார். அந்த மெஸ் சாம்பாரில் காரமே கிடையாது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருப்பவரே அவர்தான். எனவே எதுவும் சொல்லாமல், கையை உயர்த்திக் குப்பனைக் கூப்பிட்டார்.

"இன்னும் கொஞ்சம் சாதம் போடுப்பா. ரசம் ஊத்து. மெதுவா."